மார்பகப் புற்றுநோய்: முற்சோதனை விவாதமும் எமது பெண்களும்

ஒவ்வோர் ஆண்டும் ஒக்ரோபர் மாதம் பிறந்ததும் இளஞ்சிவப்பு நாடாக்கள், நடைபவனிகள், கருத்தரங்குகள் என மார்பகப் புற்றுநோய் பற்றிய விழிப்புணர்வு நிகழ்வுகள் எமது பிரதேசத்திலும் களைகட்டத் தொடங்கிவிடும். மாதம் முடிந்ததும் அனைத்தும் அடங்கிவிடும். ஆனால், “மமோகிராம் செய்துகொள்ள வேண்டுமா, வேண்டாமா? செய்வதாயின் எந்த வயதில்?” என்ற கேள்வி மட்டும் பல குடும்பங்களில் விடையின்றியே நின்றுவிடுகின்றது. உலகின் மருத்துவ அறிஞர்களே ஏறத்தாழ கால் நூற்றாண்டு காலமாகக் காரசாரமாக விவாதித்துவரும் கேள்வி இது. அந்த விவாதம் யாது என்பதையும், அது எமது பெண்களுக்கு எந்தளவுக்குப் பொருந்தும் என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு தாய் வயிற்றிற் பிறந்த மூன்று சகோதரிகளை எண்ணிக்கொள்வோம். மூத்தவர் கோப்பாயில் வாழ்கிறார். இரண்டாமவர் இலண்டனில், இளையவர் ரொறன்ரோவில். போருக்குப் பின்னரான எமது குடும்பங்களில் இது புதுமையான காட்சி அல்ல. இலண்டனில் வாழ்பவருக்கு ஐம்பது வயதிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மமோகிராம் சோதனைக்கான அழைப்புக் கடிதம் வீடு தேடி வரும். ரொறன்ரோவில் வாழ்பவர் 2024 ஒக்ரோபர் முதல் நாற்பது வயதிலேயே தாமாகச் சென்று அச்சோதனையைச் செய்துகொள்ளலாம். கோப்பாயில் வாழும் அக்காவுக்கோ அத்தகைய கடிதம் எதுவும் வருவதில்லை. தொலைபேசியில் தங்கைமார், “அக்கா, நீ இன்னும் செய்யேல்லையோ?” என்று பதறுகின்றனர். தனது உயிரை அரசாங்கம் ஒரு பொருட்டாக மதிக்கவில்லையோ என்று அக்காவும் ஐயுறுகிறார். அந்த ஐயம் இயல்பானதே. எனினும், உண்மை நிலை அதனைவிடச் சிக்கலானது.

இரு வேறு விடயங்கள்

இவ்விவாதத்தைப் புரிந்துகொள்வதற்கு முதலில் ஒரு வேறுபாட்டை மனதிற் கொள்ளல் வேண்டும். எவ்வித அறிகுறியும் இல்லாத, நலமாக இருக்கும் பெண்கள் அனைவரையும் குறித்த வயதில் அழைத்துச் சோதிப்பது ஒன்று. இதனையே இங்கு முற்சோதனை என்கின்றோம். மார்பில் கட்டியோ வேறு மாற்றமோ கண்ட பெண்ணைத் தாமதமின்றிச் சோதித்து நோயை உறுதிசெய்து சிகிச்சையைத் தொடங்குவது மற்றொன்று. இது ஆரம்பநிலைக் கண்டறிதல் ஆகும். உலகில் நடைபெறும் விவாதம் முழுவதும் முதலாவதைப் பற்றியதே. இரண்டாவதன் அவசியத்தைப் பற்றி எந்த மருத்துவருக்கும் மாற்றுக் கருத்துக் கிடையாது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதாலேயே எமது மக்களிடையே குழப்பம் ஏற்படுகின்றது.

1963ஆம் ஆண்டின் இறுதியில் நியூயோர்க் நகரில் ஆரம்பிக்கப்பட்ட ஆய்வே மமோகிராம் முற்சோதனை பற்றிய முதலாவது பெரும் ஆய்வாகும். அதனைத் தொடர்ந்து சுவீடனின் இரு மாவட்டங்களில் 1977இல் தொடங்கிய ஆய்வின் பெறுபேறு 1985இல் வெளியானது. முற்சோதனைக்கு அழைக்கப்பட்ட பெண்களிடையே இந்நோயால் ஏற்படும் மரணம் ஏறத்தாழ முப்பது வீதத்தால் குறைந்தது என அது கூறிற்று. அதன் அடிப்படையிலேயே பிரித்தானியா 1988இல் நாடளாவிய திட்டத்தை ஆரம்பித்தது. பல செல்வந்த நாடுகள் அதனைப் பின்பற்றின.

இந்நம்பிக்கைக்கு முதலாவது பலத்த அடி 2000ஆம் ஆண்டில் டென்மார்க்கிலிருந்து வந்தது. பீற்றர் கொட்ஷே, ஓலே ஓல்சன் ஆகிய இரு ஆய்வாளர்கள் முன்னைய ஆய்வுகளை மீள்பரிசீலனை செய்து, முற்சோதனையை நியாயப்படுத்தப் போதிய ஆதாரம் இல்லை என ‘லான்செற்’ சஞ்சிகையில் எழுதினர். 2009இல் அமெரிக்காவின் நோய்த் தடுப்புச் சேவைகளுக்கான செயலணி, நாற்பதுகளில் உள்ள பெண்கள் அனைவருக்கும் வழமையாக மமோகிராம் செய்ய வேண்டியதில்லை என அறிவித்தபோது அந்நாட்டில் பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. 2014இல் வெளியான கனேடிய ஆய்வொன்று, 89,835 பெண்களை இருபத்தைந்து ஆண்டுகள் அவதானித்ததன் பின்னர், மமோகிராம் செய்த குழுவில் 500 பெண்களும் செய்யாத குழுவில் 505 பெண்களும் இந்நோயால் மரணித்தனர் எனக் காட்டியது. ஏறத்தாழச் சம அளவான குழுக்களிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இருக்கவில்லை.

இத்துடன் விவாதம் முடிந்துவிடவில்லை. அதே அமெரிக்கச் செயலணி 2024இல் தனது நிலைப்பாட்டை மாற்றி, நாற்பது முதல் எழுபத்து நான்கு வயது வரையான பெண்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மமோகிராம் செய்துகொள்ள வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அதே ஆண்டில் கனடாவின் தேசியச் செயலணி தனது வரைவு ஆலோசனையில், நாற்பதுகளில் உள்ளோரை ஒட்டுமொத்தமாக அழைக்க வேண்டியதில்லை, விளக்கமறிந்து விரும்புவோர் செய்துகொள்ளட்டும் என்றது. அந்நாட்டின் ஒன்ராறியோ மாகாணமோ நாற்பது வயதிலேயே கதவைத் திறந்துவிட்டது. ஒரே சான்றுகளைக் கையில் வைத்துக்கொண்டு அறிஞர்கள் வெவ்வேறு முடிவுக்கு வருவது எவ்வாறு?

ஆதாயமும் பாதிப்பும்

2012இல் பிரித்தானியாவில் சேர் மைக்கல் மார்மொட் தலைமையிலான சுயாதீனக் குழு வெளியிட்ட கணக்கு இதற்கான விடையைத் தருகின்றது. ஐம்பது வயதிலிருந்து இருபது ஆண்டுகளுக்குப் பத்தாயிரம் பெண்கள் முற்சோதனைக்கு அழைக்கப்பட்டால் 43 மரணங்கள் தவிர்க்கப்படும். அதேவேளை, 129 பெண்கள் தம் வாழ்நாளில் ஒருபோதும் தொல்லை தந்திராத புற்றுநோய்க்காகச் சிகிச்சை பெறுவர். அதாவது, ஓர் உயிர் காக்கப்படும் இடத்தில் மூவர் தேவையற்ற சத்திரசிகிச்சைக்கும் கதிர்வீச்சுக்கும் உள்ளாகின்றனர். இதனை மிகைக் கண்டறிதல் என மருத்துவர் கூறுவர்.

தேவையற்ற புற்றுநோய் என்று ஒன்று உண்டா என வாசகர் வினவலாம். பால் நாளங்களுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும் சில கல மாற்றங்கள் பல ஆண்டுகள் அசையாதிருக்கக்கூடும். முதியவர் ஒருவர் அது இருப்பதை அறியாமலே வேறு காரணத்தால் மரணிக்கலாம். எனினும், எது அடங்கியிருக்கும், எது பரவும் என்பதை முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல இன்றைய மருத்துவத்தால் இயலாது. ஆகவே, கண்டவை யாவற்றுக்கும் சிகிச்சை அளிக்க வேண்டியதாகின்றது. பாதிப்புற்ற மூவர் யாவர் என்பது அவர்களுக்கே தெரிவதில்லை. தாமும் காப்பாற்றப்பட்டோம் என்றே அவர்கள் நம்புவர்.

மற்றொரு கணக்கும் எம்மை ஏமாற்ற வல்லது. காங்கேசன்துறையிலிருந்து கொழும்பு நோக்கிச் செல்லும் யாழ்தேவியில் ஒருவர் பயணம் செய்கிறார். அவரை வவுனியாவிற் கண்டவர், கொழும்பு சேரும் வரை சில மணித்தியாலங்கள் அவர் பயணம் செய்ததாகச் சொல்வார். கொடிகாமத்திற் கண்டவரோ இன்னும் அதிக நேரம் பயணம் செய்ததாகச் சொல்வார். ஆனால், புகையிரதம் கொழும்பை அடைந்த நேரம் ஒன்றுதான். அதேபோன்று, நோயை இரண்டு ஆண்டுகள் முன்னதாகக் கண்டுபிடித்தால், மரணம் அதே நாளில் நிகழ்ந்தாலும், நோயாளி இரண்டு ஆண்டுகள் கூடுதலாக உயிர் வாழ்ந்தது போன்ற தோற்றம் உண்டாகும். எனவேதான் “முன்கூட்டியே கண்டறிந்தோரில் இத்தனை வீதத்தினர் ஐந்து ஆண்டுகள் வாழ்ந்தனர்” என்ற விளம்பர வாசகம் மட்டும் போதிய சான்றாகாது. மரணங்கள் உண்மையில் குறைந்தனவா என்பதே உரைகல்லாகும்.

இவற்றையெல்லாம் கூறுவது மமோகிராம் பயனற்றது என்பதற்காக அன்று. ஐம்பதுக்கும் அறுபத்தொன்பதுக்கும் இடைப்பட்ட வயதில் அது மரணத்தைக் குறைக்கின்றது என்பதற்குப் போதிய சான்று உண்டென உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2015இல் மீண்டும் உறுதிப்படுத்தியது. நன்மை உண்டு, ஆனால் அது விளம்பரங்கள் சொல்லும் அளவுக்குப் பெரிதல்ல. பாதிப்பும் உண்டு. இரண்டையும் அறிந்து பெண் தானே முடிவெடுக்க வேண்டும் என்பதே இன்று நேர்மையான மருத்துவர்கள் பலரின் நிலைப்பாடாகும். இலண்டன் தங்கைக்கும் ரொறன்ரோ தங்கைக்கும் நாம் சொல்லக்கூடியதும் இதுவே.

அயலகத்துப் பாடம்

இனிக் கோப்பாய் அக்காவின் நிலைக்கு வருவோம். இலங்கைப் பெண்களைப் பீடிக்கும் புற்றுநோய்களுள் மார்பகப் புற்றுநோயே முதலிடம் வகிக்கின்றது. பெண்களிடையே கண்டறியப்படும் புற்றுநோய்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று இதுவாகும். ஆண்டுதோறும் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் புதிதாக இந்நோய்க்கு உள்ளாகின்றனர். எனினும், ஒரே வயதுடைய பெண்களை ஒப்பிட்டால் பிரித்தானியாவில் காணப்படும் வீதத்தின் பாதிக்கும் குறைவாகவே இந்நோய் இங்கு ஏற்படுகின்றது. நோய் அரிதாக உள்ள இடத்தில் நலமான பெண்கள் எல்லோரையும் மமோகிராம் செய்தால், கண்டறியப்படும் ஒவ்வொரு நோயாளிக்கும் மிகப் பலர் வீணான அச்சத்துக்கும் மேலதிக சோதனைகளுக்கும் ஆளாவர். அத்துடன், இளம் பெண்களின் மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் மமோகிராம் படத்தில் கட்டி மறைந்துபோவதும் உண்டு.

இக்காரணங்களாலேயே, வளங்கள் குறைந்த, சுகாதாரக் கட்டமைப்பு வலுவற்ற நாடுகள் நாடளாவிய மமோகிராம் திட்டத்தை விடுத்து ஆரம்பநிலைக் கண்டறிதலில் கவனஞ் செலுத்த வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2014இல் ஆலோசனை வழங்கியது. இலங்கையிலும் அத்தகைய நாடளாவிய திட்டம் இல்லை. நோய் அபாயம் கூடியவர்களுக்கும் அறிகுறி உள்ளவர்களுக்குமே அக்கருவி பயன்படுத்தப்படுகின்றது.

அப்படியாயின் எமக்கு உகந்த வழி யாது? இதற்கான விடையை மேற்குலகில் தேட வேண்டியதில்லை. மும்பாயில் தாதா ஞாபகார்த்த வைத்தியசாலை 1998இல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. சேரிப் பகுதிகளில் வாழும் 35 முதல் 64 வயது வரையான 1,51,538 பெண்கள் இதில் உள்ளடக்கப்பட்டனர். மருத்துவர்கள் அல்லர், பயிற்சி பெற்ற ஆரம்ப சுகாதாரப் பணிப்பெண்களே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அவர்களின் மார்பகங்களைக் கையால் பரிசோதித்தனர். இருபது ஆண்டுகாலத் தொடர் அவதானிப்பின் பெறுபேறு 2021இல் வெளியானது. முற்றிய நிலையில் கண்டறியப்பட்டோர் 47 வீதத்திலிருந்து 37 வீதமாகக் குறைந்தனர். ஐம்பது வயதுக்கு மேற்பட்டோரில் மரணம் ஏறத்தாழ முப்பது வீதத்தால் குறைந்தது. ஐம்பது வயதுக்குக் குறைந்தோரில் மரணம் குறைந்ததாகக் காணப்படவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். விலையுயர்ந்த இயந்திரமின்றிப் பயிற்சி பெற்ற பெண்ணின் கைகளாலேயே இது சாத்தியமாயிற்று.

சுயபரிசோதனை பற்றியும் ஒரு வார்த்தை. சீனாவின் ஷங்காய் நகரில் 2,66,064 நெசவாலைப் பெண்களைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவு 2002இல் வெளியானது. முறைப்படி சுயபரிசோதனை கற்பிக்கப்பட்ட குழுவில் 135 பேரும் கற்பிக்கப்படாத குழுவில் 131 பேரும் மரணித்தனர். ஆகவே, சுயபரிசோதனை மட்டுமே உயிரைக் காக்கும் என்று கூற முடியாது. ஆனால், அச்சீனப் பெண்களுக்குக் கட்டியைக் கண்டதும் செல்வதற்கு வைத்தியசாலை இருந்தது; கூச்சத்தால் மறைத்துவைக்கும் வழக்கம் மிகுந்த சமூகத்தில் தன் உடலைத் தான் அறிந்துகொள்வது முதற்படி என்பதில் ஐயமில்லை. இலங்கைச் சுகாதார அமைச்சு இருபது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மாதாந்த சுயபரிசோதனையைப் பரிந்துரைப்பதும் அந்நோக்கத்துடனேயே ஆகும். இருபது முதல் நாற்பது வயது வரை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும், அதன் பின்னர் ஆண்டுக்கு ஒருமுறையும் பயிற்சி பெற்றவரிடம் மார்பகப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பதும் அவ்வழிகாட்டலில் அடங்கும்.

எம்மிடம் இருப்பதும் இல்லாததும்

மும்பாய் ஆய்வு உணர்த்தும் கட்டமைப்பு எமது நாட்டில் ஏற்கனவே உண்டு. 1996ஆம் ஆண்டு முதல் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ் சுகவனிதையர் கிளினிக்குகள் நடத்தப்பட்டு வருகின்றன. முப்பத்தைந்து, நாற்பத்தைந்து வயதுடைய பெண்கள் அவற்றில் சிறப்பாகக் கவனிக்கப்படுகின்றனர். இரத்த அழுத்தம், நீரிழிவு, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் ஆகியவற்றுக்கான சோதனைகளுடன் மார்பகப் பரிசோதனையும் அங்கு இலவசமாகச் செய்யப்படுகின்றது. கோப்பாய் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவும் இக்கட்டமைப்புக்குள் அடங்கியதே. கருத்தரித்த நாள் முதல் பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டு முடியும் வரை மருத்துவமாதின் சொல்லைத் தட்டாமற் கேட்கும் எமது பெண்கள், பிள்ளைகள் வளர்ந்த பின்னர் அந்தப் படலையை எட்டியும் பார்ப்பதில்லை. நோய் அதிகரிக்கும் வயதில் தொடர்பு அறுந்துபோவதே துயரம்.

சிகிச்சை வசதியிலும் காலம் மாறியுள்ளது. போர்க்காலத்தில் பாதை மூடப்பட்டிருந்தபோது, குடாநாட்டின் நோயாளர் மகரகம புற்றுநோய் வைத்தியசாலையை அடைவதற்குப் பயண அனுமதிக்கும் கப்பலுக்கும் விமானத்துக்கும் காத்திருந்த அவலத்தை நடுத்தர வயதினர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். 2011இல் தெய்வேந்திர முனையிலிருந்து பருத்தித்துறை வரை சகல இன மக்களும் பங்கேற்ற ‘ட்ரெயில்’ நடைபவனியின் மூலம் திரட்டப்பட்ட நிதியைக் கொண்டு தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை அமைக்கப்பட்டு 2013இல் திறந்துவைக்கப்பட்டது. கோப்பாயிலிருந்து தெல்லிப்பழைக்கும் யாழ். போதனா வைத்தியசாலைக்கும் சில மைல் தூரமே. தூரத்தைக் காரணங் காட்டும் காலம் கடந்துவிட்டது.

ஆனால், வேறு காரணங்கள் கடந்துவிடவில்லை. எனது ஒன்றுவிட்ட அக்கா ஒருவர் மார்பிற் கண்ட கட்டியை எட்டு மாதங்கள் எவருக்கும் சொல்லாமல் வைத்திருந்தார். நோவு இல்லையே என்பது ஒரு காரணம். மகளுக்குக் கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது மற்றைய காரணம். “தாய்க்குப் புற்றுநோய் என்றால் பெட்டையை ஆர் கேட்டு வருவினம்?” என்று பின்னர் அவர் சொன்னது இன்றும் காதில் ஒலிக்கின்றது. மகளின் திருமணம் இனிதே நிறைவேறியது. பேரப்பிள்ளையைப் பார்க்க அவர் இருக்கவில்லை. அந்த எட்டு மாதங்களை எந்த மமோகிராம் இயந்திரமும் ஈடுசெய்திருக்க முடியாது. அவருக்குத் தேவைப்பட்டது கருவி அன்று. அச்சமின்றிப் பேசக்கூடிய ஒருவரே.

நோவு இல்லாத கட்டியே பெரும்பாலும் கவனிக்கப்பட வேண்டியது என்பதை எமது பெண்கள் அறிதல் வேண்டும். மார்பிலோ கமக்கட்டிலோ புதிய கட்டி, தோலிற் குழிவு அல்லது தோடம்பழத் தோல் போன்ற தடிப்பு, காம்பு உள்ளிழுக்கப்படல், காம்பிலிருந்து இரத்தம் கலந்த கசிவு, ஆறாத புண் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடன் வைத்தியரை நாட வேண்டும். அத்தகைய கட்டிகளிற் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல என்பதும் அறியப்பட வேண்டியதே. கையாற் பரிசோதித்தல், ஸ்கான் அல்லது மமோகிராம், ஊசி மூலம் கலங்களை எடுத்துச் சோதித்தல் ஆகிய மூன்றும் இணைந்தே உண்மையைச் சொல்லும். நோயாளரில் நூற்றுக்கு ஒருவர் அளவில் ஆண்களும் உள்ளனர் என்பதால் இது பெண்களுக்கு மட்டுமான விடயமுமன்று.

எமது முஸ்லிம் சகோதரிகளைப் பொறுத்தவரை நாணமும் பர்தா ஒழுங்கும் இயல்பாகவே இவ்விடயத்தில் முன்னிற்கின்றன. உயிரைப் பாதுகாத்தல் இஸ்லாமியச் சட்டத்தின் ஐந்து அடிப்படை நோக்கங்களுள் ஒன்று என்பதையும், அவசியத் தேவையின்போது மருத்துவ பரிசோதனைக்கு மார்க்கம் இடமளிக்கின்றது என்பதையும் உலமாக்கள் நன்கறிவர். ஜும்ஆப் பிரசங்கத்தில் ஒருமுறை இது எடுத்துரைக்கப்பட்டால் பல கருத்தரங்குகளைவிடப் பயன் விளையும். சுகவனிதையர் கிளினிக்குகளில் பெண்களே பரிசோதிக்கின்றனர் என்ற செய்தியும் வீடுதோறும் சென்றடைய வேண்டும். இக்கூச்சம் முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதன்று. இந்து, கிறிஸ்தவப் பெண்களும் ஆண் வைத்தியரிடம் செல்லத் தயங்கி நாட்களைக் கடத்துகின்றனர். 1898இல் இணுவிலில் பெண்களுக்கெனத் தனி வைத்தியசாலையை மிஷனரிமார் அமைத்தமை எமது சமூகத்தின் இவ்வியல்பை அறிந்தே எனலாம்.

எதனைக் கோர வேண்டும்?

புலம்பெயர்ந்த எமது உறவுகள் ஊருக்கு மமோகிராம் இயந்திரம் அன்பளிப்புச் செய்ய விரும்புவது பாராட்டுக்குரியது. ஆயினும், இயந்திரத்தை இயக்கப் பயிற்றப்பட்ட பெண் கதிர்ப்படவியலாளர், படத்தை வாசிக்கும் நிபுணர், கலங்களைச் சோதிக்கும் நோயியல் ஆய்வுகூடம், பழுதுபார்க்கும் ஒப்பந்தம் ஆகியன இல்லையெனில் அது திறப்புவிழாப் புகைப்படத்துக்கு மட்டுமே உதவும். 2022இன் பொருளாதார நெருக்கடியின்போது புற்றுநோய் மருந்துகளுக்கே தட்டுப்பாடு நிலவியதையும், வைத்தியர்கள் பலர் நாட்டைவிட்டு வெளியேறியதையும் நாம் கண்டோம். கண்டறிந்த நோய்க்கு மருந்தில்லை என்ற நிலை, கண்டறியாமல் இருப்பதைவிடக் கொடியது.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் ஆரம்பித்த செயற்றிட்டம் மூன்று இலக்குகளை முன்வைக்கின்றது. நோயாளரில் 60 வீதத்தினரையேனும் முதலிரு நிலைகளிலேயே கண்டறிதல். வைத்தியரை நாடியதிலிருந்து 60 நாட்களுக்குள் நோயை உறுதிசெய்தல். 80 வீதத்தினரையேனும் சிகிச்சையை முழுமையாக நிறைவுசெய்யச் செய்தல். உயர் வருமான நாடுகளில் நோயாளரில் தொண்ணூறு வீதத்துக்கும் மேற்பட்டோர் ஐந்து ஆண்டுகளைக் கடந்து வாழ்கையில், இந்தியாவில் 66 வீதத்தினரே அவ்வாறு வாழ்கின்றனர். இந்த இடைவெளிக்குத் தாமதமான கண்டறிதலும் முழுமையடையாத சிகிச்சையுமே முதன்மையான காரணங்கள்.

ஆகவே, எமது மக்கள் பிரதிநிதிகளும் பொது அமைப்புகளும் எழுப்ப வேண்டிய கேள்விகள் தெளிவானவை. கட்டியுடன் வரும் பெண் எத்தனை நாட்களில் பயொப்சி முடிவைப் பெறுகிறார்? மருத்துவமாதர் வெற்றிடங்கள் நிரப்பப்பட்டுள்ளனவா? நாட்கூலிக்கு வேலை செய்யும் பெண் சம்பளத்தை இழக்காமல் கிளினிக்குக்குச் செல்லக்கூடிய நேரம் உண்டா? சிகிச்சையை இடைநடுவில் கைவிட்டவரைத் தேடிச் செல்ல எவரேனும் உளரா? இவற்றுக்கு விடை கிட்டிய பின்னர், ஐம்பது வயதுக்கு மேற்பட்டோருக்கான மமோகிராம் பற்றிய விவாதத்தை நாமும் உரிமையுடன் நடத்தலாம்.

குடும்பத்தில் தாய், சகோதரி ஆகியோருக்கு இந்நோய் இருந்தவர்கள் மட்டும் காத்திராது வைத்தியரின் ஆலோசனையை இப்போதே பெற்று, தேவையெனில் மமோகிராம் செய்துகொள்ள வேண்டும். ஏனையோர் கடிதம் வரவில்லையே என்று கவலையுற வேண்டியதில்லை. கோப்பாய் அக்காவுக்குரிய அழைப்பு தபாலில் வராது. சுகாதாரப் பணிமனையின் கதவு திறந்தே இருக்கின்றது. அங்கு செல்லும் நாளில் அயல்வீட்டுப் பெண்ணையும் அவர் அழைத்துச் செல்வாராயின், அதனைவிடச் சிறந்த முற்சோதனைத் திட்டம் எமது கிராமங்களுக்கு இன்றைய நிலையில் வேறில்லை.